தெற்குச் சுவர்

எங்கள் ஊரில் நிழல் தெற்கே விழும்.
ஸ்டட்டர்ஹெய்மில் சூரியன்
வடக்கே சாய்ந்து நடக்கிறவன்.
ஆகவே சமையலறைக்குப் பின்னே, தெற்குச் சுவரோரம்
பத்தடிக்கு நாலடி
ஒருநாளும் முழுசாய் உலராத மண்.
தக்காளி நட்டேன்.
நெடுநெடுவென்று வளர்ந்து, ஒரு காய் விடாமல்
செத்தது.
மிளகாய் அந்த அளவுகூட முயலவில்லை.

மிச்ச நிழல் க்ரோப்லருடைய ஓக் மரத்தது.
வேலிக்கு அந்தப் பக்கம் அடி, இந்தப் பக்கம் கிளை.
என் தகரக் கூரையில் இரவெல்லாம் கொட்டை உதிர்க்கும்,
மேலே யாரோ கோலி ஆடுவதுபோல.
நகராட்சிக்கு நான் எழுதிய மனுக்கள் ஐந்து.
ஐந்திலும்
‘ஆபத்தான மரம்’ என்பதை அடிக்கோடிட்டிருந்தேன்.

பகலில் என் வேலை
சாலை போடும் இடத்தில் பலகை பிடிப்பது.
ஒரு பக்கம் சிவப்பு: நில்.
திருப்பினால் பச்சை: போ.
லாரிக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
மணிக்கட்டைப் பார்க்கிறார்கள்.
வெயிலில் நின்றவளுக்குத்தான்
நிழலின் அருமை தெரியும் என்பார்கள். சரி.
நிழலிடம் கையேந்தி நின்றவளுக்கு
அதன் கஞ்சத்தனமும் தெரியும்.

கெய் ரோடு வளைவில் ஓடைக்கரையை வெட்டிய வாரம்
தாவரத் துறையிலிருந்து வில்லமீன் என்றொருத்தி வந்தாள்.
இயந்திரம் இறங்குமுன் தோண்டி எடுக்க
ஆளுக்கு ஆறு கிழங்கு, கையெழுத்துப் போட்டு.
மற்றவர்கள் சிரித்தார்கள்.
நான் என் சோற்று டப்பாவைக் காலி செய்தேன்.

வெங்காயமென்றால் வெங்காயம்,
மூடிய முஷ்டி என்றால் முஷ்டி.
கழுத்து மண்ணுக்கு மேலே நிற்கட்டும்,
ஆழப் புதைத்தால் அழுகிவிடும் என்றாள்.
இலைமக்கு, ஆற்றுமணல்,
பிறகு தொந்தரவு செய்யாதே.
கடைசிச் சொல்லைத்தான் பின்பற்றக் கஷ்டப்பட்டேன்.

முதல் வருஷம் உமதுங்கா இரண்டு இலை விட்டது.
கன்றின் நாக்குபோல் தடித்து, தரையில் படுத்து,
ஓரமெங்கும் பூனைமயிர்.
இரண்டாம் வருஷமும் இரண்டு இலை.
நத்தை ஒன்றைத் தின்றது.
காட்டு லில்லி மட்டும் குளிர் முடிகிற மாதம்
தூசிபடிந்த ரோஜா நிறத்தில் ஒரு கதிர் நீட்டி
யாரும் பார்க்குமுன் மடிந்தது;
அந்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட்.

மூன்றாம் செப்டம்பரில்
ரத்த லில்லி முந்திக்கொண்டது.
ஊதாப் புள்ளி போட்ட தண்டு,
உச்சியில் மூடிய முகை,
உள்ளே சிவப்பு முட்டிக்கொண்டிருப்பது
மடல் வழியே தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமைதான்
ரம்பத்தோடு லுபாபலோவின் லாரி வந்து நின்றது.
க்ரோப்லர் வீட்டுச் செருப்போடு வேலியருகே:
“உங்கள் மனுதான், சோலேக்கா.
மூன்று வருஷம் கழித்து உத்தரவு.
ஆறாயிரம் ராண்ட் கட்டிவிட்டேன்.”

ரம்பம் உறுமியது.
பலகையை நான் வீட்டுக்குத்தான் கொண்டுவருவேன்,
கம்பெனி வேனில் வைத்தால் திருட்டுப் போகும்.
இரவு உடுப்போடு அதை எடுத்து வந்து
வேலிக்கு மேலே தூக்கினேன்.
சிவப்பு.

ஏணியில் ஒரு கால் வைத்தவன்
பழக்கதோஷத்தில் நின்றுவிட்டான்.

க்ரோப்லர் எட்டிப் பார்த்தார்.
“ஒரு வெங்காயத்துக்காகவா?”
“ஆறு வெங்காயம்,” என்றேன்.
அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.
முன்பல் ஒன்று இல்லை.

கூரைமேல் தொங்கிய கிளையை மட்டும் இறக்கினார்கள்.
இப்போது டிசம்பரில் ஒன்பது மணிக்கு
கைக்குட்டை அளவு வெயில் வந்து விழுகிறது.
ஓர் இலை ஓரம் வெந்துபோயிற்று.
வேலைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டையை
இரண்டு கம்புக்கு நடுவே கட்டியிருக்கிறேன்.

மனுவைத் திரும்பப் பெற
நகராட்சியில் படிவம் இல்லையாம்.
வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னார்கள்.
பொருள்: என்ற இடத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்திருந்து
‘நிழல்’ என்று எழுதினேன்.
குமாஸ்தா அதை அடித்துவிட்டு ‘மரம்’ என்று போட்டார்.

இரவில் கூரையில் கோலி.
கிளை போனதால் முன்னளவு இல்லை.
உமதுங்கா
இன்னும் அதே இரண்டு இலை.